பதிமூன்றாவது பல்

போன மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். எனக்குச் சொந்தமில்லாத, இப்போது நான் வேலையும் பார்க்காத ஓர் இடத்தில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன்.

பட்டுக்கோட்டையில் பன்னிரண்டு வருடம் நான் வேலை பார்த்த லேத் பட்டறைதான் அது. பழைய மில்லிங் மெஷின் நின்ற இடத்தில் கம்ப்யூட்டர் வைத்த புது மெஷின் வந்திருக்கிறது என்றார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கௌசல்யா அதில் ஒரு கியர் வெட்டிக்கொண்டிருந்தாள். திரையில் பற்கள் 52 என்று இருந்தது. பக்கத்தில் மாட்டியிருந்த வேலைச் சீட்டைப் பார்த்தேன். அதில் 'ஜோடி' என்ற கட்டம் காலியாக இருந்தது. அடுத்த நொடி என் கை பொத்தான் மேல் இருந்தது.

"அக்கா! என்னாக்கா பண்ணிட்டீங்க?"

"இதுக்கு ஜோடி எத்தனை பல்லு?"

"தெரியலக்கா. கியர் கொண்டாந்தவரு டீ குடிக்கப் போயிருக்காரு. மெஷினுக்கு எத்தனை பல்லுன்னாலும் ஒண்ணுதானே?"

அந்தப் பெண் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஏன் இப்படிச் செய்தேன் என்று அவளும் அங்கிருந்த மற்றவர்களும் கேட்டார்கள். அங்கே நின்றுகொண்டு இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். பல் வெட்டும் வேலையில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. இனிச் சுற்றினால் பேனா கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். பேனா பிடிக்க முடியாமல் போவதற்கு நான் தயாராக இல்லை. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து என்னைப் படிக்கவைத்தார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினேன். ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எனக்கு இதில் பெருமை உண்டு, இருக்கட்டும்.

அந்தப் பெருமையில் பெரிய பங்கு எண்களுக்குத்தான். ஓர் எண்ணைச் சொன்னால் அதன் காரணிகளை உடனே சொல்லிவிடுவேன். தொண்ணூற்று ஒன்று பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும், ஆனால் ஏழு பதிமூன்று தொண்ணூற்று ஒன்று. ஐம்பத்து மூன்று உண்மையான பகா எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எதிலும் அது மீதியில்லாமல் வகுபடாது. அடுத்துப் பார்க்க வேண்டிய பகா எண் பதினொன்று. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்று இருபத்தொன்று வந்துவிடுகிறது. அதனால் அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் நம்பரை எல்லாம் இப்படிப் பிரித்துக்கொண்டே போவேன். இந்தப் பழக்கத்தால்தான் எனக்குப் பட்டறையில் வேலை கிடைத்தது.

பட்டறை முதலாளி சிக்கந்தர் பாய். வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும், அந்தப் பை மட்டும் மாவு தட்டினது போல் வெளுத்திருக்கும். ஒரு சக்கரம் வந்தால் முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்து மறுபடி அந்தக் குறியில் முடிப்பார். பிறகு எதிர்ப்பக்கமாகவும் ஒரு தரம் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவார். அதற்குப் பிறகு வந்தவரிடம் ஒரே கேள்விதான்.

"ஜோடி எங்க?"

கியர் என்பது தனியாக ஓடும் பொருள் அல்ல. அதனுடன் பல்லோடு பல் கோத்து ஓடும் இன்னொன்று இருக்கும். பெரிய சக்கரம் உடைந்தால், அதை ஓட்டும் சின்னச் சக்கரத்தையும் கொண்டுவர வேண்டும். சின்னதை நாங்கள் பினியன் என்போம். ஜோடி இல்லாமல் பாய் வேலையைத் தொட மாட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க எங்க ஃபோர்மேன் தொட மாட்டாரும்மா, அதனால நானும் தொடுறதில்ல" என்பார். அவருக்கும் காரணம் தெரியாது. பல்லின் அளவை இரண்டிலும் வைத்துச் சரிபார்க்கத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி பல் வெட்டும் முறையைச் சொல்ல வேண்டும். இது புரிந்தால்தான் என் தவறு புரியும்.

மில்லிங் மெஷினில் ஒரு கட்டர் சுற்றும். அது ஒரு தடவை போய்வந்தால் வட்டத் தகட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் விழும். அடுத்த பள்ளத்துக்குத் தகட்டைச் சரியான அளவு திருப்பவேண்டும். அதற்கு டிவைடிங் ஹெட் என்று ஒரு கருவி. அதன் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் தகடு ஒரு சுற்று சுற்றும். நாற்பது பல் வேண்டுமா, பல்லுக்கு ஒரு சுற்று. இருபது பல்லா, பல்லுக்கு இரண்டு சுற்று. இடைப்பட்ட எண்களுக்குத் துளைத் தட்டுகள் உண்டு. ஒரு தட்டில் பல வளையங்கள், ஒவ்வொரு வளையத்திலும் வேறு வேறு எண்ணிக்கையில் துளைகள். கைப்பிடியின் முள் ஒரு துளையிலிருந்து எழுந்து, கணக்குப்படி தள்ளியிருக்கும் துளையில் 'டக்'கென்று விழும். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு பல் வேண்டுமென்றால் நாற்பதை ஐம்பத்திரண்டால் வகுக்க வேண்டும். இரண்டுக்கும் நான்கு பொதுக் காரணி. சுருக்கினால் பதிமூன்றில் பத்து. பதிமூன்றின் மடங்காக ஒரு வளையம் தேவை, முப்பத்தொன்பது துளை வளையம் இருக்கிறது. அதில் பல்லுக்கு முப்பது துளை தள்ளினால் போதும். ஐம்பத்து மூன்றோ பகா எண். நாற்பதோடு சுருங்காது. ஐம்பத்து மூன்று துளையோ அதன் மடங்கோ உள்ள வளையம் வேண்டும். எங்கள் தட்டுகளில் பெரிய வளையத்திலேயே நாற்பத்தொன்பது துளைதான்.

தட்டில் இல்லாத எண் வந்தால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அதே விட்டத்தில் ஒரு பல் குறைத்தோ கூட்டியோ வெட்டிவிடுவார்கள். "ஒரு பல்லுல என்னா வந்துரப் போவுது" என்பார்கள். வண்டி ஓடும். யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை.

ஒரு வருடம் குறுவை அறுவடை உச்சத்தில் இருந்தபோது கலியபெருமாள் வந்தார். ஒரத்தநாடு பக்கத்து ஆள், அறுவடை மெஷின் வைத்திருப்பவர். சாக்கிலிருந்து ஒரு கியரைக் கொட்டினார். வண்டியின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பெரிய கியர் அது. ஐந்தாறு பல் முறிந்திருந்தது. அடிக்கட்டைகளையும் சேர்த்து இருமுறை எண்ணினேன். ஐம்பத்து மூன்று. பஞ்சாபிலிருந்து புதுக் கியர் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் மழை வந்துவிடும்.

பாய் அன்று ஊரில் இல்லை. கண் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னை போயிருந்தார்.

"ஜோடி எங்கண்ணே?" என்று நானும் கேட்கத்தான் கேட்டேன்.

"அது வண்டிக்குள்ள கெடக்கு தங்கச்சி. வண்டி சேத்துல நிக்கிது. அதக் கழட்ட ஒரு நாளு ஆவும். பதிமூணு பல்லு, நான் எண்ணிட்டேன். அது நல்லாத்தான் இருக்கு."

"பாய் வந்தா ஏசுவாரு."

"பாய் கண்ணுல கட்டோட படுத்துருக்காரு. நீ என்னா சும்மா ஆளா? கணக்குல புலின்னு ஊரே சொல்லுது. ஒம் முடிவ நீ எடும்மா!"

இதைவிட என்னைச் சாய்க்க வேறு வார்த்தை தேவையில்லை. ஐம்பத்து மூன்று வெட்ட முடியாது என்று அவருக்கு நானே விளக்கினேன். பகா எண் என்றால் என்ன என்று தரையில் சாக்பீஸால் எழுதிக்கூடக் காட்டினேன். "ஐம்பத்திரண்டு வெட்டித் தர்றேண்ணே. அழகா வகுபடும்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

"அப்ப ரெண்டா வெட்டிடு. எம் மச்சான் குணசேகரன் திருவிடைமருதூர் பக்கம் வண்டி வச்சிருக்கான். இதே மாடலு. அவனுக்கும் இதே கியருதான் போயிருக்கு" என்றார்.

ஒரே அச்சில் இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு நாள் முழுக்க நின்று வெட்டினேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கியர். மறுவாரம் பாய் வந்தபோது சொன்னேன். "எத்தனை பல்லு?" என்றார். சொன்னேன். "ஜோடி?" என்றார். வரவில்லை என்றேன். பையிலிருந்த சாக்பீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கியரைக் கொடுத்த பதினோராம் நாள், முற்பகல். கலியபெருமாளின் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் புழுதியோடு வந்து நின்றது. அதே சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில் கவிழ்த்தார். கியர் விழுந்தது. அதோடு இன்னொன்றும் விழுந்தது. முதலில் அது என்னவென்று தெரியவில்லை. தட்டையான எவர்சில்வர் தகடு. குனிந்து பார்த்தேன். மூன்றடுக்குத் தூக்கு. மூன்று அடுக்கும் ஒரே தகடாக நசுங்கி, நடுவில் சோறு அப்பிக் காய்ந்திருந்தது.

"பாத்துக்க" என்றார். "பாரு நல்லா. வாய்க்கா மேட்டுல ஏத்திக்கிட்டு இருந்தான் டிரைவரு. பாதி மேட்டுல 'மடார்'னு சத்தம். பிரேக்க மிதிக்கிறான், நிக்கல. வண்டி பின்னாடியே எறங்கிருச்சு. மேட்டுக்குக் கீழதான் மூலை அறுக்குற பொம்பளைங்க ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தூத்தல் விழுவுதேன்னு எந்திரிச்சு டிரெய்லருக்கு அடியில ஒதுங்கி ஒரு நிமிசம்கூட ஆவல. சோத்துத் தூக்க எடுக்க மறந்துட்டாங்க. அவ்வளவுதான்."

மெஷினால் திரும்பி அறுக்க முடியாத வயல் மூலைகளை அரிவாளால் அறுக்கும் பெண்களை எனக்குத் தெரியும். என் அம்மா அந்த வேலைக்குப் போனவள். அந்தத் தூக்கைப் போலவே ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று பாய்க்கும் எனக்கும் உடனே புரிந்தது. அந்த வண்டியில் பிரேக், பினியன் இருக்கும் தண்டைத்தான் பிடிக்கும். பெரிய கியரின் முறிந்த பல் இடையில் சிக்கி, இரண்டும் கோத்திருப்பது விலகிவிட்டால், பினியனை நிறுத்தினாலும் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும்.

"இரும்பு மட்டம்!" என்று கத்தினார் கலியபெருமாள். "பாயி, காயலாங்கடை இரும்பப் போட்டுக் குடுத்துட்டீங்க!"

"இரும்பு நல்ல இரும்பு" என்றார் பாய்.

நான் கியரைத் தரையில் மல்லாத்தி வைத்தேன். மட்டமான இரும்பு என்றால் எங்கே வேண்டுமானாலும் உடையும். அல்லது ஓரிடத்தில் தொடங்கி வரிசையாக உடையும். இது அப்படி இல்லை. நான்கு பல் மட்டும் அடியோடு முறிந்திருந்தன. மற்ற நாற்பத்தெட்டும் புதிது போல் மின்னின. அந்த நான்கு ஓட்டைகளும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று வைத்தது போல் நான்கு திசையில் நின்றன.

யாரோ அளந்து உடைத்தது மாதிரி இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. பாயின் பையிலிருந்து சாக்பீஸை நானே எடுத்தேன். ஓர் ஓட்டையில் குறி போட்டு எண்ணினேன். பதிமூன்றாவது அடுத்த ஓட்டை. மறுபடி எண்ணினேன். பதிமூன்று. மறுபடி பதிமூன்று. மறுபடி பதிமூன்று.

"பினியன்ல ஒரு பல்லு ஒடஞ்சிருக்கா அண்ணே?"

"ஒடயல. நுனி மட்டும் கொஞ்சம் சில்லு போயிருந்துச்சு. அப்பவே இருந்ததுதான். அது ஒரு பெரிய விசயமா?"

பெரிய கியரின் பல் முறிந்த வண்டியில் பினியன் மட்டும் எப்படிக் காயமில்லாமல் இருக்கும்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. பினியனுக்குப் பதிமூன்று பல். நான் வெட்டியது ஐம்பத்திரண்டு. நாலு பதிமூன்று ஐம்பத்திரண்டு. பினியன் சரியாக நான்கு சுற்று சுற்றினால் பெரிய கியர் ஒரு சுற்று முடிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். அப்படியானால் அந்தச் சில்லுப்போன பல் தன் வாழ்நாள் முழுக்க இந்த நான்கு பற்களை மட்டுமே குத்தும். வேறு எதையும் தொடாது. காலையிலிருந்து மாலை வரை, சுற்றுக்குச் சுற்று, அதே நான்கு. ஐம்பத்து மூன்றாக இருந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் தள்ளிப்போயிருக்கும். ஐம்பத்து மூன்று பல்லும் அந்த அடியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். யாருக்கும் வலித்திருக்காது.

அந்த மெஷினை முதலில் செய்தவன் தெரிந்துதான் பகா எண்ணை வைத்திருக்கிறான். நான் அதை எடுத்துவிட்டு, அழகாக வகுபடும் எண்ணை வைத்தேன். கணக்குத் தெரியாதவள் செய்த தப்பு அல்ல இது. கணக்கில் புலி செய்த தப்பு.

பாய்க்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன். அவரும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வெட்டுனியேம்மா" என்றார்.

குணசேகரனுக்கு உடனே போன் போட்டேன். நான்கு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"அண்ணே, பட்டறையிலேருந்து செல்வி பேசுறேன். வண்டிய மேட்டுல ஏத்தாதீங்க. கியரு ஒடையப் போவுது."

"நல்ல வார்த்தை சொல்ல மாட்டியா நீ? கியரு அருமையா ஓடுது. சத்தமே இல்ல."

"அண்ணே, இங்க ஒடஞ்சிருச்சுண்ணே. ஒங்க மச்சான் வண்டி."

"அவன் வண்டி ஓட்டுற லட்சணம் ஒடையாம என்னா செய்யும்? இந்தா பாரு, மானம் இருட்டிக்கிட்டு வருது. இந்த வயலு முடிய மூணு மூணரை மணி ஆவும். வாய்க்காலுக்கு அந்தாண்ட அஞ்சு மா நெல்லு சாஞ்சு கெடக்கு. அதையும் இன்னிக்கே அறுத்தாவணும். நீ போன வையி."

பாய் போனை வாங்கினார். "குணசேகரு, அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க."

"பாயி, பொண்ணு பயமுறுத்துது."

"நானும் பயந்துதான் போயிருக்கேன்" என்றார் பாய். அப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு குணசேகரன் போனை எடுக்கவே இல்லை.

அப்போது மணி பன்னிரண்டரை. சமதரையில் ஓடும்வரை ஆபத்து குறைவு. மூன்றரைக்குள் அந்த வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறும். கீழே அங்கும் பெண்கள் இருப்பார்கள். பாயின் பழைய காரில் கிளம்பினோம். கறுப்புக் கண்ணாடியோடு பாய் முன்னால் உட்கார்ந்தார், கலியபெருமாள் ஓட்டினார். தஞ்சாவூர், கும்பகோணம் என்று மூன்று மணி நேரம். எதிரே வந்த வண்டிகளின் நம்பரை நான் பிரிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

போய்ச் சேர்ந்தபோது வயலுக்குப் போகும் வண்டிப்பாதை ஈரமாக இருந்தது. மெஷின் அறுத்து முடித்துவிட்டு, முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. பின்னால் ஏழெட்டுப் பெண்கள் அரிவாளோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து ஓடினேன். மேட்டின் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் மிதித்து நிறுத்தினார். குணசேகரன் ஓடிவந்தார்.

"ஏ பொண்ணே, வெலகு! ஒனக்கென்னா பைத்தியமா? மழை வருது!"

"கியர் மூடியக் கழட்டிப் பாருங்கண்ணே. நாலு போல்ட்டுதான். நான் சொல்றது இல்லன்னா நானே வெலகிக்கிறேன்."

"என்னா சொல்ற நீ?"

"உள்ள அடிபட்ட பல்லு ஒண்ணு இருக்கும். அதிலேருந்து எண்ணிக்கிட்டு வாங்க. பதிமூணாவது பல்லும் அடிபட்டிருக்கும். அதிலேருந்து பதிமூணாவதும். நடுவுல ஒண்ணுகூட இருக்காது."

"இவ என்னா ஜோசியமா சொல்றா?" என்று ஒரு பெண் கேட்டாள். இன்னொருத்தி சிரித்தாள். பின்னால் வந்த கலியபெருமாள் அந்த நசுங்கிய தூக்கை எடுத்துக் காட்டினார். சிரிப்பு நின்றது.

மூடியைக் கழற்றினார்கள். எண்ணெய் வழிந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றினார்கள். டிரைவர் துணியால் பல்லைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. நுனி நசுங்கி அடியில் மயிரிழை போல் ஒரு விரிசல். நான் சாக்பீஸை நீட்டினேன்.

"குறி போட்டுட்டு நீங்களே எண்ணுங்கண்ணே."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." சத்தமாக எண்ணினார். எல்லாம் நல்ல பல். குணசேகரன் என்னை ஏளனமாகப் பார்த்தார். "பதினொண்ணு, பன்னண்டு." நிறுத்தினார். துடைத்தார். "அடியாத்தே" என்றார். பதிமூன்றாவதில் பாதி இல்லை.

மறுபடி எண்ணினார். இந்த முறை அந்தப் பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். பதிமூன்று என்று அவர்கள் சொன்னபோது விரிசல் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கடைசி முறை யாரும் சத்தம் போடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான்காவது பல்லை டிரைவர் விரலால் தொட்டார். அது கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அவர் அதைக் கீழே போடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. கையை விரித்தபடியே நின்றார்.

"யாரு இத முன்னாடியே தொறந்து பாத்தது?" என்றார் குணசேகரன். குரல் அடங்கிவிட்டது.

"யாரும் பாக்கலண்ணே. கணக்கு."

"அப்ப இது யாரு தப்பு?"

பாய் வாயைத் திறந்தார். பழியைத் தான் ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "என் தப்பு. ஐம்பத்து மூணு பல்லு வெட்டணும். ஐம்பத்திரண்டு வெட்டுனேன். ஜோடியப் பாக்காம வெட்டுனேன்."

எண்களைப் பற்றி நான் சொன்ன எதுவும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை. அதே சமயம் அவ்வளவு வெட்கமும் பட்டதில்லை.

அந்தப் பெண்கள் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தார்கள். நானும் ஓர் அரிவாள் வாங்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அரிவாளைப் பிடித்தது அன்றுதான். இரண்டு மா அறுத்தோம். மீதி மூன்று மா மழையில் படுத்துவிட்டது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. குணசேகரன் அதற்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வந்ததே இல்லை.

மறுநாள் பாயும் நானும் பழைய வேலை நோட்டுகளை எல்லாம் எடுத்தோம். எண் மாற்றி வெட்டிய ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் ஜோடியின் எண்ணை எழுதி, பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்த்தேன். இந்த இரண்டும் போக ஆறு இடங்களில் இருந்தது. இரண்டு என் கையெழுத்து. நான்கு பாயின் கையெழுத்து, நான் வேலைக்கு வருவதற்கு முந்தியவை. ஜோடியை அவர் ஒவ்வொரு முறையும் வாங்கி அளந்திருக்கிறார். எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருசமா என்னத்தம்மா அனுப்பியிருக்கேன் நான்?" என்றார்.

ஆறு பேருக்கும் போன் செய்தோம். அதில் ஒன்று பேராவூரணியில் ஒரு தேங்காய் மட்டை மில்லில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தார்கள், பினியன் புதிது, எந்தப் பல்லிலும் காயமில்லை. இதையும் சொல்ல வேண்டும். ஜோடி இரண்டும் புதிதாக, நல்லபடியாக இருந்தால் பொதுக் காரணியால் உடனே ஒன்றும் ஆகாது. ஒன்றில் காயம் இருந்தால்தான் அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் தேடிப் போகும்.

பிறகு ஐம்பத்து மூன்று துளைத் தட்டு ஒன்றை நானே செய்தேன். அந்த எண் இல்லாமல் அந்த எண்ணில் தட்டு செய்வது எப்படி என்று ஒரு வாரம் யோசித்தேன். நீளமான காகிதப் பட்டையில் ஐம்பத்து மூன்று சம பாகம் குறித்து, பெரிய வட்டத் தகட்டைச் சுற்றி ஒட்டி, குறிகளில் துளை போட்டேன். கையால் போட்டதில் பிசகு இருக்கும்தான். அந்தத் தட்டை டிவைடிங் ஹெட்டில் மாட்டி, அதை வைத்து இரண்டாவது தட்டு போட்டேன். கைப்பிடி நாற்பது சுற்றுக்கு ஒரு சுற்று என்பதால் பிசகும் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாவது தட்டில் பிசகைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கலியபெருமாளுக்கு அதில்தான் ஐம்பத்து மூன்று பல் வெட்டிக் கொடுத்தேன், பினியனையும் புதிதாகச் சேர்த்து. வேலைச் சீட்டில் 'ஜோடி' என்ற கட்டம் அப்போது வந்ததுதான்.

அந்தக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் போன மாதம் என் கை அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

பொத்தானை அமுக்கிய பத்தாவது நிமிடத்தில் கியர் கொண்டுவந்தவர் டீக்கடையிலிருந்து திரும்பினார். முன்பின் பார்த்திராத ஒரு லாரிக்காரர். ஜோடி எங்கே என்று கேட்டேன். வண்டியில் கிடப்பதாகச் சொல்லி எடுத்துவந்தார். கௌசல்யா முதல் பல்லில் குறி போட்டு எண்ணினாள். எதிர்ப்பக்கமாகவும் எண்ணினாள். இருபத்தொன்று. மூன்று ஏழு இருபத்தொன்று. ஐம்பத்திரண்டில் மூன்றும் இல்லை, ஏழும் இல்லை. பொதுவாக ஒன்றுமே இல்லை. பல்லிலும் ஒரு கீறல் கிடையாது.

"அப்ப நிறுத்தியிருக்க வேணாமேக்கா" என்றாள்.

"வேணாம்தான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் காலியாக இருந்த கட்டத்தில் 21 என்று எழுதிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.